நான் கைதட்டிய ஓட்டம்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ போன் எடுத்தபோது நான் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். "அம்மா, நாளைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஐம் டன்" என்றாய். "வெள்ளிக்கிழமை மட்ச் இருக்கெல்லோ?" என்று கேட்டேன். "அதுக்கு நான் நிக்க மாட்டன்" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபித்திருப்பேன். கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. பல்லுக் கொதிக்குது, டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொல்வது போலச் சொன்னாய். நானும் "சரி, வாறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் வருவேன், அது உனக்குத் தெரியும். வேலைக்கு வருத்தம் என்று சொல்லி லீவு எடுத்தாயிற்று, காருக்குக் காஸும் அடித்தாயிற்று. ஆனால் வெளிக்கிடுவதற்கு முன் இதை எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

காருக்குள் வைத்துச் சொல்லலாமே என்று நீ கேட்பாய். காருக்குள் நான் ஒரு சொல் சொல்ல நீ காதில் அந்த இரண்டு வெள்ளைக் குமிழையும் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாய். நெடுஞ்சாலையில் என்னாலும் உன் முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியாது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். அது எனக்கு நல்லதாகப் போயிற்று. இதை நீ மேலோட்டமாகப் பார்த்து எறிய முடியாது, ஒவ்வொரு சொல்லாக வாசித்துத்தான் ஆகவேண்டும். அவ்வளவு நேரமாவது என்னோடு இரு.

முதலில் அந்தக் கைதட்டலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அதைச் சொல்லாமல் நான் வேறு என்ன புத்தி சொன்னாலும் உன் காதில் ஏறாது.

போன கிழமை இங்கே ஏரிக்கரை மைதானத்தில் உங்களுடைய ஃபுட்போல் அணியின் முதல் பயிற்சி ஆட்டம் நடந்தது. நானும் அப்பாவும் அக்காவும் நேரத்துக்கே போய்விட்டோம். எங்களைச் சுற்றி மற்ற விளையாட்டுக்காரரின் தாய் தகப்பன்மார். அவர்கள் எல்லாரும் அணியின் நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள், நான் மட்டும் வேலைக்குப் போடுகிற ஜக்கெற்றில். ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் உன்னை இறக்கினார்கள். நீ கோட்டை நோக்கி ஓடத் தொடங்கிய விதத்திலேயே எனக்கு எந்த ஓட்டம் என்று விளங்கிவிட்டது. நேரே போய், சட்டென்று வெளிக்கோட்டுப் பக்கம் வெட்டித் திரும்புகிற ஓட்டம். பனி உருகத் தொடங்கின நாட்களில் எங்கள் குசினியில் பிரிட்ஜுக்கும் மேசைக்கும் நடுவில் அதை எத்தனை முறை எனக்கு நடந்து காட்டினாய்! அதே போல ஓடினாய், அச்சுப் பிசகாமல். திரும்ப வேண்டிய இடத்தில், திரும்ப வேண்டிய காலில் திரும்பினாய். நான் எழும்பி நின்று "அப்படித்தான்! அப்படித்தான் தம்பி!" என்று கத்திக் கைதட்டினேன்.

மைதானம் முழுக்க "ஆ" என்று ஒரு சத்தம் போட்டது எனக்குக் கேட்கவில்லை. அப்பா என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தார். "இரும்! இரும்! பந்து அவங்களிட்டப் போட்டுது." அப்போதுதான் பார்த்தேன். பந்து நீ நின்ற பக்கமே வரவில்லை. அது உள்பக்கமாக, ஒருவரும் இல்லாத இடத்துக்குப் போக, மற்ற அணிக்காரன் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்தா. அந்தப் பந்தை எறிந்தவருடைய தாயாக இருக்குமோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். நான் மெல்ல இருந்தேன். இருந்த பிறகும் என் கை இரண்டும் ஒன்றையொன்று பிடித்தபடியே இருந்தன.

நீ அதைக் கேட்டிருப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவ்வளவு சனத்துக்குள் என் குரலா கேட்கப் போகிறது? ஆட்டம் முடிந்து நீ வெளியே வந்தபோது நான் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினேன். நீ அதை வாங்கவில்லை. "அம்மா, யூ கிளாப்ட்" என்றாய். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். நேற்று வரைக்கும் என் போனையும் நீ எடுக்கவில்லை.

தம்பி, நான் பந்தைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தேன். நான் உனக்குப் பாடமாக்கித் தந்ததை நீ ஒரு பிழையும் விடாமல் ஒப்புவித்தாய், அதற்குத்தான் கைதட்டினேன். நடந்ததும் அதுதான், பிழையும் அதுதான்.

நீ பஸ்ஸில் ஏறின பிறகு, பந்தைப் பிடிக்க ஓடுகிற உங்களுடைய ரிசீவர்மாரைப் பழக்குகிற அந்த நரைத்த தாடிக் கோச் எங்களிடம் வந்தார். வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நான் அழுதுவிடுவேன் போல நின்றதைக் கண்டிருக்க வேண்டும். அவர் இங்கிலிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "உங்கள் மகனைப் போல ஓடுகிறவனும் எம்புகிறவனும் இந்த முகாமில் வேறு யாரும் இல்லை. ஆனால் அவன் இன்னும் பச்சை." அப்பா உடனே என் காதுக்குள், "அவியேல்லையாம்" என்றார். அந்த நேரத்திலும் அவருக்குப் பகிடி. கோச் தொடர்ந்து சொன்னார்: "நேரே ஓடு, உயர எம்பு, பிடி என்று விட்டுவிடுகிற அணிகளும் இருக்கின்றன. அவர்கள் இவனை நாளைக்கே எடுப்பார்கள். எங்கள் ஆட்டம் அப்படி இல்லை. எங்களுடைய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்தி இருக்கிறது. அந்தச் சந்தியில் ரிசீவர் தன்னைத் தடுக்கிறவனைப் பார்க்க வேண்டும். அவன் வெளியே நின்றால் உள்ளே வெட்ட வேண்டும், உள்ளே நின்றால் வெளியே. அவன் பயந்து பின்னுக்குப் போனால் நின்று திரும்ப வேண்டும். பந்து எறிகிறவரும் அதே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ரிசீவர் திரும்பும் முன்பே பந்து அவர் கையை விட்டுப் போய்விடும். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பார்த்து ஒரே முடிவுக்கு வரவேண்டும். உங்கள் மகன் ஆளைப் பார்ப்பதில்லை. நாங்கள் கொடுத்த ஓட்டப் படத்தை அப்படியே ஓடுகிறான். இடையில் யாராவது தள்ளிவிட்டால் குழம்பி நின்றுவிடுகிறான்."

"பழக்கினால் வராதோ?" என்று கேட்டேன். "வரலாம்" என்றார். "எவ்வளவு காலம் வேணும்?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எங்களிடம் அடுத்த வெள்ளி மட்டும்தான் இருக்கிறது" என்றார். அந்த வெள்ளி இரவு ஆட்டம் முடிந்ததும் யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்று முடிவு கட்டுவார்கள். அது உனக்கும் தெரியும். அந்த வெள்ளிக்கு முன்பே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்கிறாய்.

எல்லாம் பாடமாக்கினதால் வந்தது. அந்த அணி உன்னைக் கூப்பிட்டு, அவர்களுடைய ஓட்டங்கள் எல்லாம் அடங்கின அந்தத் தட்டையான கணினியைக் கையில் தந்தபோது நீ பயந்துபோய் என்னிடம்தான் வந்தாய். "அம்மா, இட்ஸ் எ லொட். எப்பிடி ஞாபகம் வைக்கிறது?" என்றாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நீ என்னிடம் ஒன்றும் கேட்டு வந்ததில்லை. கோயிலில் சனம், "மகன் என்ன செய்யிறார்?" என்று கேட்டு, "ஃபுட்போல்" என்று நான் சொல்லி, "ஓ, சொக்கரோ?" என்று அவர்கள் கேட்டு, "இல்லை, அது காலாலை அடிக்கிறது, இது கையாலை பிடிக்கிறது" என்று நான் விளக்கி, அவர்கள் "ஆ, அப்பிடியே" என்று கதையை மாற்றுவது வழக்கம். அந்த விளையாட்டுக்குள் எனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. நான் ஓட்டத்தின் பேரைச் சொல்ல வேண்டும், நீ ஓடுகிற வழியைச் சொல்ல வேண்டும். வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன், உடுப்பு மடித்துக்கொண்டு கேட்டேன். முன்னுக்கிருந்து கேட்டேன், பின்னுக்கிருந்து கேட்டேன். வெறும் அம்பும் கோடுமாக இருந்த படமெல்லாம் எனக்கே பாடமாகிவிட்டது. அப்பா இரவுச் சாப்பாட்டில், "உம்மையும் ரீமில எடுக்கலாம் போல கிடக்கு" என்று பகிடி விட்டார். ஒவ்வொரு படத்துக்கும் அடியில், ஆளைப் பார்த்து மாற்று என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்ததாம். அதை நீயும் வாசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாடமாக்குகிறவர்களுக்குப் படம்தான் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களுக்கு வேறு வழி தெரியாது. எதைப் படிப்பதென்றாலும் முதலில் பாடமாக்க வேண்டும், விளக்கம் பிறகு தானாக வரும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உனக்கும் அப்படித்தான் செய்தேன். வோபர்னுக்கு வீடு மாறி வந்த வருஷம், நீ முதன்முதலில் பேச்சுப் போட்டிக்கு ஏறினாய், ஞாபகம் இருக்கிறதா? தமிழ் எழுத்து உனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நான் பேச்சு முழுவதையும் இங்கிலிஷ் எழுத்தில் எழுதித் தந்தேன். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாமல், கையை எந்த இடத்தில் உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்று எல்லாம் பாடமாக்கினாய். மேடையில் வேட்டியோடு போய் நின்று, "பெருமதிப்புக்குரிய நடுவர்களே" என்று நீ தொடங்கினபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

பாதிப் பேச்சில் மைக் நின்றுவிட்டது. ஒரு அண்ணை வந்து வயரை அசைத்துச் சரிப்பண்ணினார். நீ திரும்பவும் கையைக் கூப்பி, "பெருமதிப்புக்குரிய நடுவர்களே" என்றாய். சனம் சிரித்தது. கொஞ்சம் போனதும் மைக் மறுபடியும் நின்றது. மறுபடியும் "பெருமதிப்புக்குரிய நடுவர்களே". இந்த முறை நடுவர்களே சிரித்துவிட்டார்கள். அவர்களில் ஒரு அன்ரி, "தம்பி, விட்ட இடத்திலை இருந்து சொல்லும், பரவாயில்லை" என்று நல்ல மாதிரித்தான் சொன்னா. நீ பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் கீழே முன்வரிசையில் இருந்து என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் வராமல் வாயை அசைத்து உனக்கு எடுத்துத் தந்தேன், "பெருமதிப்புக்குரிய நடுவர்களே" என்று. விட்ட இடம் எது என்று எனக்கும் தெரியவில்லை. முழுப் பேச்சையும் நான் எழுதியிருந்தும், எனக்கும் முதலிலிருந்துதான் அது வரும்.

அதற்குப் பரிசும் தந்தார்கள். அந்தக் கப் இன்னும் மேல் அலுமாரியில் இருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று நீ போனை வைத்த பிறகு வெண்டிக்காயை அப்படியே விட்டுவிட்டு இருந்து யோசித்தேன். பல்கலைக்கழகத்தில் கணுக்கால் முறிந்தபோது, இந்த இடம் சரிவராது என்று வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி முதலாம் வருஷத்திலிருந்து தொடங்கினாய். போன கோடையில் மேற்குப் பக்கத்து அணி உன்னை அனுப்பிவிட்டபோது, வீட்டுக்கு வந்து, எலெக்ரிஷியன் வேலை படிக்கப் போகிறேன், எல்லாம் புதிதாகத் தொடங்கப் போகிறேன் என்றாய். நல்ல வேலைதான், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நாளில் இவர்கள் கூப்பிட்டதும் அதையும் விட்டுவிட்டு வந்தாய். இப்போது யாரோ ஒருவன் நெஞ்சில் பிடித்துத் தள்ளிவிட்டான், மைக் நின்றுவிட்டது, வீட்டுக்குப் போய் முதலிலிருந்து தொடங்குகிறேன் என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. உண்மையாகவே பயமாக இருக்கிறது. உன்னை அவர்கள் எடுக்காமல் விடுவார்கள் என்ற பயத்தை விட இது பெரிது. நீ வாழ்நாள் முழுக்கக் கும்பிட்டுக்கொண்டு தொடக்கத்திலேயே நிற்கப் போகிறாயோ என்று பயமாக இருக்கிறது.

அப்பாவுக்கு இந்தப் பயம் இல்லை. "வரட்டும், விடும். பிறம்ரனில என்ர தம்பியிட்ட வேலை கிடக்கு. டிஸ்பாச்சில இருக்கலாம்" என்கிறார். சித்தப்பாவும் போன் எடுத்து, எப்போது வேண்டுமானாலும் வரட்டாம் என்று சொல்லிவிட்டார். லொறிகளை எங்கே அனுப்புவது என்று பார்க்கிற வேலை. மரியாதையான வேலை, வீட்டிலிருந்து போய்வரலாம். அப்பா தானும் அங்கே பெட்டி ஏற்றி இறக்கித்தான் உங்களை வளர்த்தார், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நீ அங்கே வெள்ளிக்கு முன் போவதும் வெள்ளிக்குப் பிறகு போவதும் ஒன்றில்லை. வெள்ளிக்குப் பிறகு போனால், ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குப் போகிற ஆள் நீ. வெள்ளிக்கு முன் போனால், ஒவ்வொரு லொறி வெளிக்கிடும்போதும் அந்த ஆட்டத்தைத்தான் நினைப்பாய். எனக்கு உன்னைத் தெரியும்.

சரி, அந்த அணிக்கு நீ பொருந்துவாயா? உன்னைக் கேட்டால் இல்லை என்கிறாய். கோச்சைக் கேட்டால் நேரமில்லை என்கிறார். எனக்குத் தெரியாது என்றுதான் நானும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னதும், அப்பா ரீவிக்கு முன்னால் கத்தினதும்தான். ஆனால் ஒன்று பார்த்தேன். இந்த நாட்டு ஆட்டத்தில் பந்து அசைவதற்கு முன்பே ரிசீவர் ஓடத் தொடங்கலாம், கோட்டை மட்டும் பந்துக்கு முன் தாண்டக் கூடாது என்று நீதானே சொல்லித் தந்தாய். உன்னைப் போன்ற வேகக்காரனுக்கு அது கடவுள் தந்த வசதி. போன கிழமை ஆட்டத்தில் நீ இரண்டு முறை முந்திக் கோட்டைத் தாண்ட, நடுவர்கள் பிழை என்று மஞ்சள் துணி எறிந்தார்கள். ஏன் முந்துகிறாய்? நீ பந்தைப் பார்த்து ஓடவில்லை. உள்ளுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு ஓடுகிறாய். நான் உனக்குக் குசினியில் எண்ணித் தந்த அதே கணக்கு. உன் காலில் ஒரு குறையும் இல்லை. உன் காதுக்குள் நான் இருக்கிறேன். என்னை இறக்கிவிட்டுவிட்டு ஓடு.

நீ பார்க்கத் தெரியாத பிள்ளை இல்லை. கோச்சுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதை அவரிடம் சொல்ல அன்றைக்கு இங்கிலிஷ் வரவில்லை. வோபர்னுக்கு வர முன்பு, சென் ஜேம்ஸ் ரவுணில் அந்த உயரக் கட்டிடத்தில் இருந்தோமே. நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை. ஒரு மெஷின் கிடைப்பதே பெரிய பாடு. காய்கிற மட்டும் விட்டுவிட்டு மேலே போனால் யாராவது ஈர உடுப்பை எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள், அதனால் நாங்கள் இருவரும் அங்கேயே காவல். நீ சரியான குழப்படி, ஓரிடத்தில் இருக்க மாட்டாய். உன்னை அடக்குவதற்காக நான் காய்ந்த சொக்ஸுகளைச் சோடி சேர்த்து உருட்டி உன்னிடம் எறிவேன். நீ பிடித்துக் கூடைக்குள் போட வேண்டும்.

முதலில் நேரே எறிந்தேன். நீ எல்லாவற்றையும் பிடித்துவிட்டாய். பிறகு உன்னைப் பேய்க்காட்டுவதற்காக இடது பக்கம் பார்த்துக்கொண்டு வலது பக்கம் எறிந்தேன். ஒரு நாள், இரண்டு நாள் ஏமாந்தாய். அதற்குப் பிறகு ஒருக்காலும் ஏமாறவில்லை. நான் எறிவதற்கு முன்பே நீ அந்தப் பக்கம் போய் நிற்பாய். அங்கே உடுப்போடு வந்திருந்த ஒரு பெரிய மனிசன், கறுப்பினத்தவர், சிரித்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டுத் தானும் ஒரு உருண்டையை எடுத்து எறிந்தார். முதல் எறியிலேயே அதையும் பிடித்தாய். நான் கேட்டேன், "எப்பிடியடா தெரியும்?" நீ சொன்னாய், "அம்மா, உங்கட கண் பொய் சொல்லும். தோள் பொய் சொல்லாது."

அப்போது நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. யாரும் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை, நான் பாடமாக்கித் தரவும் இல்லை. முன்னால் நிற்கிற ஆளை நீ பார்த்தாய், அவ்வளவுதான். அந்தக் கோச் கேட்பதும் இதைத்தானே? வோபர்னில் சொந்தமாக மெஷின் வந்ததும் அந்த விளையாட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உனக்குப் பேச்சுப் போட்டி, கணக்கு ரியூசன், மிருதங்கம் எல்லாம் வந்துவிட்டது.

இதற்கு மேல் எழுதினால் நேரம் போய்விடும். அப்பா வாசலில் வந்து நிற்கிறார். "இஞ்சேரப்பா, பெடியன் வந்து ஏறினால் ஒண்டும் கதைக்காதையும்" என்கிறார். ஓம் என்று தலையாட்டிவிட்டேன். மிச்சத்தை அங்கே வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன், தம்பி. உங்களுடைய விடுதிக்கு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறேன். நெடுஞ்சாலையில் வரும்போது இரண்டு தரம் ஓரமாக நிறுத்தி அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புத்தி சொல்கிற தாய்மார் அழாத மாதிரி எழுதுவார்கள். எனக்கு அந்தப் பொய் வேண்டாம். இங்கிருந்து பார்க்க மைதானம் தெரிகிறது. உன்னோடு இருக்கிற பெடியள் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். உன்னைக் காணவில்லை. நீ அறையில் பை கட்டுகிறாய் போல.

நான் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளி வரைக்கும் நில். நீ வெல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்கள் உன்னை எடுக்காமல் விட்டால் விடட்டும், கூட்டிக்கொண்டு போக நான் இதே இடத்தில் வந்து நிற்பேன். அன்றைக்கு ஒரே ஒரு ஓட்டத்தில், அந்தச் சந்தி வரும்போது, நான் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு முன்னால் நிற்கிறவனின் தோளைப் பார். பார்த்துவிட்டுப் பிழையான பக்கம் போனாலும் பரவாயில்லை. யாராவது தள்ளினால், தள்ளின இடத்திலிருந்தே ஓடு. எனக்காகவும் கேட்கிறேன். உன் விளையாட்டில் நான் கடைசியாகத் தட்டின கை அந்தக் கையாக இருக்கக் கூடாது. அதோடு என்னால் இருக்க முடியாது, தம்பி.

இதை வாசலில் இருக்கிற பெடியனிடம் கொடுத்து உன் அறைக்கு அனுப்பப் போகிறேன். நீ மெல்ல எழுத்துக் கூட்டி வாசி, எனக்கு அவசரம் இல்லை. பையோடு கீழே வந்தால் டிக்கியைத் திறப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வீடு வரைக்கும் ஒரு சொல்லும் வராது.

பை இல்லாமல் வந்தால் என்று நினைத்து, வெளிக்கிடும்போது உன் அலுமாரியிலிருந்து ஒரு சோடி சொக்ஸ் உருட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். காருக்கு வெளியே அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்பேன். நீ விடுதிக் கதவைத் திறந்ததும் எறிவேன். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டு வா.

அம்மா